நே என்றது அந்தக் குரல்

ஜோதிலட்சுமிக்குப் பிழைப்பே வார்த்தைகள்தான். திருவான்மியூர் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு பழைய குடியிருப்பின் இரண்டாம் மாடி அவள் வீடு. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்களை அங்கே உட்கார்ந்தபடி மொழிபெயர்த்துக் கொடுப்பாள். அடையாறில் ஒரு ஏஜென்சி அவளைக் கூப்பிட்டு, விமானம் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொடுக்கச் சொல்லும். அதற்கும் போவாள்.

கல்லூரி முடித்து வேலையில்லாமல் இருந்த காலத்தில், தோழி ஒருத்தி சேருகிறாளே என்று மயிலாப்பூரிலிருந்து சைக்கிள் மிதித்து ரஷ்ய வகுப்புக்குப் போனவள் அவள். தோழி ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். ஜோதி நிற்கவில்லை. ரஷ்ய மொழி பிடிபட்ட பிறகு பல்கேரிய மொழி அதன் தங்கச்சி மாதிரிதான் தெரிந்தது, அதையும் பிடித்துக்கொண்டாள்.

புருஷன் முத்துகிருஷ்ணனுக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலை. தூத்துக்குடிக் குடும்பம். அவனுடைய அப்பா ராஜரத்தினம் தி.நகரில் ரொம்ப வருஷம் பாத்திரக் கடை வைத்திருந்துவிட்டு, இப்போது மகன் வீட்டோடு இருக்கிறார். முத்துகிருஷ்ணன் வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். மற்றவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்குவார்கள். இவன் பெண்டாட்டிக்கு வார்த்தை பொறுக்கிக்கொண்டு வருவான். "கிஃப்ட்னா ஜெர்மன்காரனுக்கு விஷமாம், ஜோதி. அதையே சுவீடன்ல சொன்னா கல்யாணம் ஆனவன்னு அர்த்தமாம். ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்தை போதும்னு முடிவு பண்ணியிருக்கான் பாரு" என்று சொல்லிவிட்டு, போனிலேயே நெடுநேரம் சிரிப்பான். போலந்தில் ஒரு கடையில் டீ இருக்கா என்று கேட்டதற்கு அந்த ஆள் "நோ, நோ" என்று சொல்லிக்கொண்டே டீயை ஊற்றினானாம். அங்கே பேச்சு வழக்கில் "நோ" என்றால் "ம், ஆமாம்" என்பதுபோல. இப்படியெல்லாம் பேசித்தான் அவர்கள் இருபத்தைந்து வருஷக் குடித்தனம் ஓடியது.

ஆனால் 'நே' என்ற வார்த்தையைப் பற்றி மட்டும் ஜோதிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சமஸ்கிருதத்தில் 'ந', ஹிந்தியில் 'நஹி', ரஷ்யாவில் 'நியெத்', பல்கேரியாவிலும் செர்பியாவிலும் செக் நாட்டிலும் 'நே'. எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளம்பிய 'இல்லை'. பல்கேரியாவில் தலையாட்டலை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வாள். அங்கே ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், நாம் குழம்பிப் போவோம். தலையை விட்டுவிட்டு வாயை மட்டும் கவனியுங்கள், 'நே' என்று வந்தால் இல்லை, அதில் மாற்றமே கிடையாது என்பாள்.

போன ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை வேலையெல்லாம் முடிந்து, மாமனார் பேப்பரோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்பும் ஆபீஸிலிருந்து சாய்நாத் என்ற பையன் போன் செய்தான். சுற்றி வளைத்துப் பேசினான். சாருக்கு நேற்று நெஞ்சுவலி வந்ததாம், கேப்டன் உடனே கரையில் இறக்கிவிட ஏற்பாடு செய்தாராம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம், மேற்கொண்டு தகவல் வரவில்லையாம். எந்த ஊர் என்று ஜோதி கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, கப்பல் வர்ணாவுக்குத்தானே போகிறது, அப்போது அங்கேதான் இருக்கும் மேடம் என்றான். ஆஸ்பத்திரி நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

வர்ணா, பல்கேரியாவின் துறைமுகம். முத்துகிருஷ்ணனே முந்தின வாரம் சொல்லியிருந்தான், அடுத்து வர்ணாவில் கோதுமை ஏற்றப் போகிறோம் என்று. அதனால் அவளுக்கு அந்தப் பையன் சொன்னதில் எந்த உறுத்தலும் இல்லை. அந்த நிமிஷத்தில்கூட, நல்லவேளை, எனக்குத் தெரிந்த பாஷை என்றுதான் நினைத்தாள்.

மாமனார் காதில் விழக்கூடாது என்று சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் வந்த நம்பர்மேலேயே தட்டினாள். அவசரத்தில் ஒரு தடவை தவறி வேறெங்கோ பட்டது. மறுபடி தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண்குரல் எடுத்தது. பின்னால் தள்ளுவண்டி உருளும் சத்தம், யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். ஜோதி பல்கேரிய மொழியில் காலை வணக்கம் சொன்னாள். அந்தப் பெண் என்னவோ சொன்னாள், லைன் கரகரத்தது, ஒன்றும் புரியவில்லை. பதற்றத்தில் ஜோதிக்கும் அடுத்த வார்த்தை வரவில்லை. ஆங்கிலத்துக்கு மாறி, முத்துகிருஷ்ணன், இந்தியன், கப்பல், என் கணவர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நே, நே," என்றது அந்தக் குரல்.

இல்லையா? இந்த ஆஸ்பத்திரியில் இல்லையா? உயிரோடு இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஜோதி மறுபடியும், எளிய வார்த்தையாகப் போட்டு, உயிர் இருக்கா, உயிர் இருக்கா என்று கேட்டாள்.

"நே," என்றாள் அந்தப் பெண். இந்தத் தடவை அவசரமே இல்லாத குரல். அழுகிற குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக, "நே, நே, கிரியா மூ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

குக்கர் எப்போது விசிலடித்தது, யார் அடுப்பை அணைத்தது என்று ஜோதிக்கு இன்றைக்கும் தெரியாது. அவள்தான் அணைத்திருக்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை தெரியாதவளாக இருந்திருந்தால், அந்தப் பெண் என்ன சொன்னாளோ என்று தவித்திருப்பாள். அந்தத் தவிப்பில் நம்பிக்கைக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும். ஜோதிக்கோ அந்த இடமும் இல்லை. அவளுக்குத்தான் தெரியுமே.

அதற்கும் மேலே அந்தக் 'கிரியா'. மாமனார் வீட்டில் பதினாறாம் நாள் காரியத்தைக் கிரியை என்றுதான் சொல்வார்கள். எங்கோ ஒரு தேசத்துக்காரி எப்படி அதைச் சொல்வாள் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. கிரியை செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததாகவே காது வாங்கிக்கொண்டது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் தானும் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. மகள் லாவண்யா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் போன் போட்டாள். எப்படிச் சொன்னாள் என்பது பிறகு லாவண்யா சொல்லித்தான் தெரியும். "அப்பா இல்லடி" என்று இரண்டே வார்த்தை. எதிர்ப்பக்கம் கேட்பதற்குள் வைத்துவிட்டாளாம்.

வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, பெண் ஸ்கூட்டரில்தான் வருவாள் என்று. ஓ.எம்.ஆரில் லாரியும் தண்ணி டேங்கரும் அடைத்துக்கொண்டு போகிற நேரம். திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஆட்டோவில் வா என்று மெசேஜ் போட்டாள். பார்த்ததற்கான நீல டிக் விழவே இல்லை. புருஷனை நினைத்த துக்கத்தின்மேல் பெண்ணைப் பற்றிய பயமும் ஏறி உட்கார்ந்தது.

"ஜோதி, சோறு ஆச்சாம்மா?" என்று கூடத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

இருதயத்தில் ஏற்கெனவே கை வைத்த உடம்பு அவருக்கு. அவருக்குச் சொல்வதாக இருந்தால் பக்கத்தில் லாவண்யா வேண்டும், கீழ்வீட்டு அமீனா பீ வேண்டும், வாசலில் வண்டி வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே அவர், இன்று வியாழனாச்சே, தம்பி பேசுகிற நாளாச்சே என்றார். நடுக்கடலில் சிக்னல் இல்லையாம் மாமா என்று அவள் சொன்னாள். அந்தப் பொய்யைச் சொன்ன குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததைக் கேட்டு அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. அவர் மோர் கேட்டார். மோர் ஊற்றினாள். மோரில் உப்பு ஒரு சிட்டிகை குறைகிறது என்றார். உப்பு எடுத்துக் கொடுத்தாள். தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்ட அந்த வெள்ளைத் தலையைப் பார்க்கப் பார்க்க, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மனிதருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவளுக்குக் கிலி பிடித்தது.

மாத்திரையைக் கொடுத்து அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தாள். லாவண்யா இல்லை. காது மட்டும் அந்த வார்த்தைகளையே திருப்பித் திருப்பிப் போட்டது. நே, நே, கிரியா மூ. நே, நே, கிரியா மூ.

எத்தனையாவது தடவையோ, மனதின் ஒரு மூலையில் பழைய மொழிபெயர்ப்புக்காரி விழித்துக்கொண்டாள். முப்பது வருஷமாக வார்த்தையைக் குடைந்து பழகியவள். கிரியா என்று ஒரு பல்கேரிய வார்த்தை உண்டா? இல்லை. அந்த ஊரில் ஒரு அம்மாளை மரியாதையாகக் கூப்பிட்டால் 'கொஸ்போஜோ' என்பார்கள். 'மூ' என்றால் அங்கே 'அவனுக்கு' என்று ஆகும், அது இந்த இடத்தில் ஒட்டவே இல்லை. அப்போது அவள் பேசியது என்ன பாஷை?

ஜோதி சாந்தோமில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். இந்துப் பிள்ளைகளும் வரிசையாக மாதா கோயிலுக்குள் போய் உட்காருவார்கள். பெரிய திருவிழா நாட்களில் பாடகர் குழு பழைய பாஷையில் பாடும், 'கீரியே எலெய்சோன்' என்று. ஆண்டவரே இரக்கம் வையும் என்று அர்த்தம் சொன்ன சிஸ்டர், அது லத்தீன் இல்லை, கிரேக்கம் என்று திருத்திய ஞாபகம். கீரியே ஆண்டவர் என்றால், கிரியா?

அம்மா. எஜமானி. மேடம்.

எழுந்து உள்ளே ஓடிப் போனை எடுத்தாள். சாய்நாத் அனுப்பிய நம்பரை அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். பல்கேரியாவுக்கு அவள் பலமுறை பேசியிருக்கிறாள், 359 என்று தொடங்கும். இது 30. அது கிரேக்க நாட்டு எண் என்று போனே சொன்னது. அடுத்து அந்த ஒற்றை எழுத்து வார்த்தையைத் தேட வேண்டியதுதான். ஆனால் விரல் போகவில்லை. தேடிப் பார்த்து அங்கேயும் 'இல்லை' என்றே இருந்துவிட்டால்? தேடாதவரைக்கும் ஒரு மயிரிழை மிச்சம் இருக்கிறது. அந்த மயிரிழையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்ணை இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

கிரேக்க மொழியில் 'நே' என்றால் ஆமாம்.

அவள் நம்பவில்லை. போன் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். இன்னொரு இடத்தில் தேடினாள். ஒருத்தி கிரேக்க மொழி கற்றுக்கொடுக்கும் வீடியோ வந்தது, சிரித்த முகத்தோடு தலையைக் கீழே அசைத்து "நே" என்றாள். அப்படியானால் காலையில் கேட்டதற்குப் பதில், உயிரோடு இருக்கிறார், ஆமாம், ஆமாம் அம்மா. இதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வேறொரு பயம்தான். ஆமாம் என்று சொன்னது காலையில். இப்போது?

லாவண்யா அப்போதுதான் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வலது முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது. எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னல் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாளாம், யாரோ தூக்கிவிட்டார்களாம். ஜோதி அவளை அறைக்குள் இழுத்து, "அப்பா இருக்கார்டி. நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நே-ன்னா ஆமாம்னு அர்த்தம்," என்றாள்.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சரிம்மா, சரிம்மா என்று முதுகைத் தடவினாள். தன் பெண் தன்னைப் புத்தி கலங்கியவளாக நினைக்கிறாள் என்று ஜோதிக்குப் புரிந்தது. பார்க்கப் போனால் அவள் நினைப்பதில் என்ன தப்பு? சின்ன வயதிலிருந்து நே என்றால் இல்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த அம்மாதான்.

நம்பரைக் கொடு, நானே கேட்கிறேன் என்றாள் லாவண்யா. போனை ஸ்பீக்கரில் போடக்கூட அவளுக்குப் பொறுமையில்லை, காதில் வைத்துக்கொண்டாள். பெயரைச் சொன்னாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இறந்துவிட்டாரா, என் அப்பா இறந்துவிட்டாரா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

ஜோதி மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்குவது தெரிந்தது. போன் மெதுவாக மடிக்கு வந்தது.

"ஓக்கேன்னு சொல்றாங்கம்மா," என்றாள் லாவண்யா. "செத்துட்டாரான்னு கேட்டேன். ஓக்கே, ஓக்கேன்னாங்க."

சுவருக்கு அந்தப்பக்கம் மாமனார் இருமினார். பிறகு ஜோதி, அவங்க சொன்னதை அப்படியே சொல்லு, நீ புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லாதே, காதுல விழுந்த சத்தத்தைச் சொல்லு என்றாள். லாவண்யா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஓக்கே மாதிரிதான் இருந்தது, ஆனால் நடுவில் 'க' அழுத்தமாக இல்லை, காற்றுப் போனதுபோல, ஓஹி, ஓஹி என்று இருந்தது என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று ஜோதி கேட்டாள். கோபமில்லை, பதறிக்கொண்டு சொன்னதுபோல இருந்தது என்றாள்.

இந்தத் தடவை தேடியது லாவண்யா. அவள் தேடும்போது ஜோதி மகளின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிரேக்க மொழியில் 'ஓஹி' என்றால் இல்லை.

உயிரோடு இருக்கிறாரா என்று தாய் கேட்டாள், ஆமாம் என்று பதில். இறந்துவிட்டாரா என்று மகள் கேட்டாள், இல்லை என்று பதில். லாவண்யா அதைப் படித்துவிட்டு அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சிராய்த்த கையை அப்போதுதான் பார்த்து, எரியுதும்மா என்றாள்.

சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஆங்கிலம் தெரிந்த ஒரு டாக்டர் கூப்பிட்டார். இரண்டு பெண்கள் மாறி மாறிப் போன் செய்து ஏதோ பயந்துபோயிருக்கிறார்கள் என்று வார்டு உதவியாளர் சொன்னதால் பேசுகிறேன் என்றார். கப்பல் வர்ணாவுக்குப் போகவேயில்லை, வழியிலேயே கிரேக்கக் கடலில் அவனுக்கு வலி வந்ததால் கவாலா என்ற துறைமுகத்தில் இறக்கியிருக்கிறார்கள். ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தாகிவிட்டது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இன்னும் இரண்டு நாள் தாண்ட வேண்டும், இப்போதைக்கு வாக்கு ஒன்றும் தரமுடியாது என்றார். ஜோதி நன்றி சொன்னாள். பிறகுதான் மாமனாரிடம் போய், பாதியை மட்டும், நெஞ்சுவலி என்றும் குணமாகிவிட்டது என்றும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் அவர் சாப்பாட்டில் உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இரண்டு நாளை ஜோதி எப்படிக் கழித்தாள் என்று அமீனா பீயைக் கேட்டால் சொல்வார். போன் அடித்தால் எடுக்கமாட்டாள். அமீனா பீதான் எடுத்து, யார் என்று கேட்டு, இந்த ஊர்க் குரல்தான்மா என்று சொன்ன பிறகே கையில் வாங்குவாள். சனிக்கிழமை முத்துகிருஷ்ணனே பேசினான். ஜோதி என்றான். அதற்குமேல் மூச்சு வாங்கியது. அது போதும் என்று அவள் வைக்கச் சொல்லிவிட்டாள்.

ஆவணி கடைசியில் வீடு வந்து சேர்ந்தான். பாதி உடம்புதான் வந்தது. இனிக் கப்பல் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஜோதி மொழிபெயர்ப்பை விடவில்லை. ஆனால் போனில் யாருக்கும் இடையில் நின்று பேசிக்கொடுப்பதில்லை. சோஃபியாவிலிருந்து காலேஜ்காரர்கள் லைனில் இருக்கிறார்கள், ஒரு நிமிஷம் பேசுங்கள் மேடம் என்று ஏஜென்சி எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டது. எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்கிறாள்.

இப்போது தினமும் காலையில் இருவரும் கடற்கரைக்கு நடக்கிறார்கள். ஒருநாள் அவன் நடந்துகொண்டே, அவளுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அவனிடம் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். வாயில் மாஸ்க் மாட்டியிருந்ததால் அவன் நம்ம ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறான். அவர்களுக்கு அது விளங்கவில்லை. வேண்டாம் என்கிறான் என்று எடுத்துக்கொண்டு, கை கழுவி நின்ற டாக்டர் விலகிப் போயிருக்கிறார். வலியில் கண் இருட்டிக்கொண்டு வர, அவர் முதுகு கதவை நோக்கிப் போவதைப் பார்த்தானாம். மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு எஸ், எஸ் என்று கத்தியிருக்கிறான். கத்தினேனா, முனகினேனா என்று தெரியாது, ஆனால் அவர் திரும்பினார் என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஜோதி சிரிக்கவில்லை. அவள் கால் நின்றுவிட்டது. அவன் அதைக் கவனிக்காமல் நாலடி முன்னால் போனான். போனவன் திடீரென்று நின்று, நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் குனிந்தான்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல," என்றான் முத்துகிருஷ்ணன்.

அவள் ஓடிப்போய் அவன் முன்னால் நின்று முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டு வேர்வை இருக்கிறதா என்று பார்த்தாள். செருப்பு வாரில் மணல் புகுந்து உறுத்துகிறது, அதைத் தட்டத்தான் குனிந்தேன் என்றான். அவள் தானே மண்டியிட்டு அந்தச் செருப்பைக் கழற்றினாள். மணல் இருந்தது. தட்டிவிட்டு, மறுபடி மாட்டிவிட்டு, அவன் நடக்க ஆரம்பித்த பிறகும் கொஞ்ச தூரம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள்.